48-க்கு 48 பிஐடி கன்ட்ரோலர்: வேலை சுத்தம், மேனுவல் மோசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை நம்பி வாங்காதீர்கள். மெஷினின் ஹீட்டரை ஓட்டி, கேட்ட சூட்டைப் பிடித்து வைக்கும் வேலையை இந்தப் பெட்டி பிசகில்லாமல் செய்கிறது. அந்த வேலையை அதற்குச் சொல்லிப் புரிய வைப்பதுதான் தலைவலி. பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தவருக்கு இது நல்ல கன்ட்ரோலர். தெரியாதவர் கையில் ஹீட்டரைக் கருக்கும் சாமான்.

எங்களிடம் இது ஓடுவது பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரில். பிளாஸ்டிக் உருகும் இரும்புக் குழலான பேரலில் தனித்தனியாகச் சூடேற்றும் நான்கு ஜோன், முன்னால் குழாய்க்கு வடிவம் கொடுக்கும் டைக்குத் தனியாக ஒன்று, எல்லாம் பட்டையாகச் சுற்றி மாட்டும் பேண்ட் ஹீட்டர். முன்பு இருந்தவை ஆன்-ஆஃப் வகை. செட் பண்ணிய சூட்டைத் தொட்டால் ஹீட்டர் முழுதாக நிற்கும், சில டிகிரி இறங்கினால் முழுதாக ஓடும். அந்தச் சில டிகிரி இடைவெளிக்குப் பெயர் ஹிஸ்டரிசிஸ். அது இல்லாவிட்டால் ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே ஓயாமல் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும், அதனால் வேண்டியதுதான். ஆனால் கனமான இரும்புப் பேரலில் ஹீட்டரை நிறுத்திய பிறகும் சூடு உள்ளே பரவிக்கொண்டே போகும். ஹிஸ்டரிசிஸை 2 டிகிரி என்று வைத்தாலும் நிஜத்தில் ஏற்ற இறக்கம் அதைப் போல் பல மடங்கு வரும். அதோடு உருகிய பிளாஸ்டிக்கின் இளக்கமும் மாறும், வெளியே வரும் குழாயின் சுவர் கனமும் கூடிக் குறையும். அதற்காகத்தான், பவரைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பிஐடிக்கு மாறினோம்.

பிராண்ட் பெயரை எழுதவில்லை. இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடும் கிடைக்கிறது, மெனு ஒன்றேதான். முகப்பு 48 மில்லிமீட்டர் சதுரம், பேனலில் 45 மில்லிமீட்டர் சதுர ஓட்டை போதும். பழையதும் அதே அளவு என்பதால் பேனலை வெட்ட வேண்டியிருக்கவில்லை. பின்பக்க டெர்மினல் ஸ்க்ரூக்கள் கெட்டியாக நிற்கின்றன. பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளாம்ப் மட்டும் கொஞ்சம் நொறுங்கல் ரகம், பார்த்து அழுத்துங்கள்.

முகப்பில் இரண்டு வரி. மேலே சிவப்பில் பெரிதாகத் தெரிவது பிவி, அதாவது சென்சார் இந்த நிமிடம் சொல்லும் சூடு. கீழே பச்சையில் எஸ்வி, நாம் கேட்கும் சூடு. சில கம்பெனிகள் இதையே எஸ்பி என்று போடும், இரண்டும் ஒன்றுதான். இந்த இரண்டையும் எந்த ஆபரேட்டரும் முதல் நாளிலேயே புரிந்துகொள்கிறார். மூன்றாவதாக ஒன்று உண்டு, எம்வி. ஹீட்டருக்குக் கன்ட்ரோலர் இப்போது எத்தனை சதவீதம் பவர் கொடுக்கச் சொல்கிறது என்பது அது. பல மலிவு மாடல்களில் இதைப் பார்க்க மெனுவுக்குள் ஏழெட்டுப் படி இறங்க வேண்டும். இதில் ஒரே பட்டனைத் தட்டினால் கீழ் வரியில் வந்துவிடுகிறது.

எனக்கு இந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்தது அதுதான். பிவி 200, எஸ்வி 200 என்று நின்றால் எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் வழக்கமாக 35 சதவீதத்தில் நிற்கும் எம்வி 60-க்குப் போயிருந்தால், அந்த ஜோனில் இருக்கும் இரண்டு பேண்டில் ஒன்று செத்திருக்கலாம், அல்லது இன்சுலேஷன் கழன்றிருக்கலாம். மிச்சமிருப்பது தாங்கிக்கொண்டிருப்பதால் சூட்டில் எதுவும் தெரியாது. அதுவும் போனால்தான் மெஷின் நிற்கும். ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் சூட்டோடு எம்வியையும் எழுதச் சொல்லுங்கள். ஹீட்டர் சாவதை முன்கூட்டியே பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

இனி சென்சார். பெட்டி பிரிக்கும்போது கே டைப் தெர்மோகப்பிள் என்று செட் ஆகியிருக்கிறது. மேனுவலில் இது ஒரு அட்டவணையின் அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. எங்கள் பேரலில் இருப்பது ஜே டைப். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும், அதுதான் தெர்மோகப்பிள். கே டைப்பில் குரோமெல், அலுமெல். ஜே டைப்பில் இரும்பு, கான்ஸ்டன்டன். அதே சூட்டுக்கு ஜே கூடுதல் மில்லிவோல்ட் கொடுக்கும். 200 டிகிரியில் கே டைப் 8.1 மில்லிவோல்ட், ஜே டைப் 10.8 மில்லிவோல்ட்.

இதைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரில் கே என்று வைத்து ஜே சென்சாரை மாட்டினால், பேரல் 200-ல் இருக்கும்போது பெட்டி 260-ஐ நெருங்கிக் காட்டும். பிளாஸ்டிக் உருகாது, உடனே தெரிந்துவிடும். அதையே மாற்றி, ஜே என்று வைத்துக் கே சென்சாரை மாட்டினால்தான் வினை. உண்மையில் 200 இருக்கும், பெட்டி 160-க்குக் கீழே காட்டும். இன்னும் போதவில்லை என்று ஹீட்டரை ஏற்றிக்கொண்டே போகும். புகை வந்த பிறகுதான் நமக்குச் செய்தி வரும். அதனால் பவர் கொடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இன்புட் டைப். எஸ்வி எல்லாம் அப்புறம்.

வயரின் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் தெர்மோகப்பிளின் சிவப்புக் கம்பி நெகட்டிவ். டிசி வேலையில் சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று கை பழகிய எலெக்ட்ரீஷியன் அப்படியே மாட்டிவிடுவார். சர்வதேச ஐஇசி முறையில் கே டைப்பின் பாசிட்டிவ் பச்சை, நெகட்டிவ் வெள்ளை. மாற்றி மாட்டியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: ஹீட்டர் ஏற ஏற பிவி இறங்கும். இந்தப் பெட்டியின் டெர்மினல் படத்தில் பிளஸ், மைனஸ் குறி தெளிவாகவே இருக்கிறது, அதற்கு ஒரு சபாஷ்.

கோல்ட் ஜங்ஷன் என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோகப்பிள் சொல்வது முழுச் சூட்டை இல்லை, சூடான முனைக்கும் கன்ட்ரோலரின் டெர்மினலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை. டெர்மினலின் சூட்டைப் பெட்டி தனியாக அளந்து கூட்டிக்கொள்ளும். அதனால் சென்சார் தலையிலிருந்து பேனல் வரை சாதாரண செம்புக் கம்பியை இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் வித்தியாசம் சென்சார் தலையோடு முடிந்துவிடும். தலை 60 டிகிரியிலும் பேனல் 35 டிகிரியிலும் இருந்தால் கிட்டத்தட்ட 25 டிகிரி காணாமல் போகும். அந்தந்த டைப்புக்கு உரிய காம்பென்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும்.

பிடி100 சென்சாரையும் இந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அது பிளாட்டினம் ரெசிஸ்டன்ஸ்: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். மூன்று வயர் மாட்டுங்கள். இரண்டு வயரில் மாட்டினால் லைனில் இருக்கும் ஒவ்வொரு ஓமுக்கும் இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது அவுட்புட். ரிலே, எஸ்எஸ்ஆர் என்ற எலெக்ட்ரானிக் ரிலேயை ஓட்டும் 12 வோல்ட் பல்ஸ், 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் என்று மூன்று வகையில் வருகிறது. இது உள்ளே இருக்கும் ஹார்ட்வேர், மெனுவில் மாற்ற முடியாது. மாடல் நம்பரின் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். டப்பாவின் வெளியே அது அச்சாகவில்லை, பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரிலே வகையைப் பேரல் வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் சைக்கிள் டைம். 40 சதவீதம் பவர் என்றால் ஹீட்டருக்கு 40 சதவீத வோல்டேஜ் போவதாக நினைத்துவிடக் கூடாது. சைக்கிள் டைம் 20 செகண்ட் என்றால் 8 செகண்ட் ஆன், 12 செகண்ட் ஆஃப். அடுத்த 20 செகண்டுக்கு மறுபடி அதே. அப்படியானால் நாளைக்கு 4,320 தடவை ரிலே அடிக்கிறது. இந்த அளவு ரிலேக்களுக்கு முழு லோடில் ஆயுள் ஒரு லட்சம் தடவை என்று போட்டிருப்பது வழக்கம், இதிலும் அப்படித்தான். வகுத்துப் பாருங்கள், 24 மணி நேரமும் ஓடினால் 23 நாள். லோடு குறைவாக இருந்தால் அதைவிட நிறையவே தாங்கும், ஹீட்டர் கரண்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயிலை மட்டும் ஓட்டினால் இன்னும் தாங்கும். ஆனால் அப்போது கான்டாக்டர் தேயும். சைக்கிள் டைமை 2 செகண்டுக்கு யாராவது குறைத்துவிட்டால், மூன்று நாளுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

எஸ்எஸ்ஆருக்கு அந்தக் கவலை இல்லை, உள்ளே அசைகிற பாகமே கிடையாது. அதற்கு 2 செகண்ட் சைக்கிள்தான் சரி. சூடும் சீராக நிற்கும். ஆனால் இந்தக் கம்பெனி எஸ்எஸ்ஆர் மாடலையும் 20 செகண்டில் செட் பண்ணியே அனுப்புகிறது. கனமான பேரலில் பெரிதாகத் தெரியவில்லை. இரும்பு குறைவாக இருக்கும் டை ஜோனில் பிவி அலை அடித்தது, 2-க்கு மாற்றியதும் அடங்கியது. இதைத் தொழிற்சாலையிலேயே மாற்றி அனுப்புவதில் என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேலேயே சூட்டைக் கக்கும். ஹீட் சிங்க் இல்லாமல் பேனல் தகட்டில் நேராகத் திருகி வைக்காதீர்கள். கன்ட்ரோலருக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

சரி, பெயரிலேயே இருக்கும் பிஐடிக்கு வருவோம். பி என்பது ப்ரோபோர்ஷனல் பேண்ட். எஸ்வி 200, பேண்ட் 20 டிகிரி என்று வையுங்கள். 180-க்குக் கீழே ஹீட்டர் முழுதாக ஓடும். 190-ல் பாதி. 200-ஐத் தொட்டால் பூஜ்யம். பேண்டைக் குறைத்தால் கன்ட்ரோலர் முரட்டுத்தனமாக நடக்கும், ஊசலாடும். கூட்டினால் சாதுவாகும், சோம்பேறியாகவும் ஆகும். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? 200-ல் நிற்க 35 சதவீதம் பவர் வேண்டும். 200-ல் பி கொடுப்பதோ பூஜ்யம். அதனால் பி மட்டும் இருந்தால் 193 பக்கத்திலேயே நின்றுவிடும். இந்தப் பாக்கிக்குப் பெயர் ஆஃப்செட்.

அந்தப் பாக்கியை வசூலிப்பது ஐ, இன்டெக்ரல். குறை எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும், குறை தீரும் வரை. பழைய கருவிகளில் இதற்கு ரீசெட் என்று பெயர். மெனுவில் இது செகண்டில் இருக்கிறது, எண் சிறிதானால் வேகம் அதிகம். ஆனால் 0 என்று வைத்தால் ஐ அடியோடு நின்றுவிடும். டெரிவேடிவ் ஆன டி-க்கு நேர் எதிர், எண் பெரிதானால்தான் வலு அதிகம். சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்து, ஸ்டாப்பிங் வருவதற்கு முன்பே பிரேக்கில் கால் வைக்கும் டிரைவர் மாதிரி, முன்கூட்டியே பவரைக் குறைப்பது அதன் வேலை. எஸ்வியைத் தாண்டி மேலே போகும் ஓவர்ஷூட்டை அதுதான் அடக்குகிறது. மேனுவல் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டது. பி எதில் அளக்கப்படுகிறது, டிகிரியிலா சதவீதத்திலா என்றுகூடச் சொல்லவில்லை. சில கம்பெனிகள் முழு ரேஞ்சில் சதவீதமாகப் போடும். இதில் டிகிரி. பழைய கன்ட்ரோலரின் எண்ணை அப்படியே இதில் அடித்தால் வேறு எதுவோ நடக்கும்.

ஆனால் நல்ல செய்தி, இந்த எண்களை நாம் தேட வேண்டியதில்லை. ஆட்டோ டியூன் அருமையாக வேலை செய்கிறது. இதற்கு முன்னால் ஆட்கள் கையால்தான் டியூன் செய்தார்கள். அதற்கு வழி சொன்னவர்கள் சீக்லரும் நிக்கோல்ஸும், 1942-ல். ரிலே போல ஆன்-ஆஃப் செய்து, ஊசலாட்டத்தை அளந்து, அதிலிருந்து எண்களைக் கணக்கிடும் முறையை ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் 1984-ல் வெளியிட்டார்கள். இந்தப் பெட்டி செய்வதும் அதே ரகம்தான். தொடங்கியதும் ஏடி விளக்கு மினுக்கும், எம்வி 100-க்குப் போகும். பிவி எஸ்வியைத் தாண்டியதும் 0. இறங்கியதும் மறுபடி 100. சில ஊசலாட்டம் முடிந்ததும் விளக்கு அணைந்துவிடும், எண்கள் பதிவாகிவிடும். ஒரு ஜோனில் ஐ 232, டி 58 என்று வந்தது, சரியாக நான்கில் ஒரு பங்கு. சீக்லர்–நிக்கோல்ஸ் கணக்கும் அதே நாலுக்கு ஒன்றுதான்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது, ஆட்டோ டியூன் நடக்கும்போது சூடு எஸ்வியை நன்றாகவே தாண்டும். சீக்கிரம் கருகும் பிவிசி மாதிரிப் பொருள் பேரலுக்குள் இருக்கும்போது தொடாதீர்கள். பக்கத்து ஜோன்களும் வேலைச் சூட்டில் இருக்கட்டும். அவை சில்லென்று கிடக்கும்போது டியூன் செய்தால் கிடைப்பது வேறொரு மெஷினுக்கான எண்.

அலாரம் பகுதியில் மேனுவல் உச்சத்தைத் தொட்டிருக்கிறது: 1 முதல் 12 வரை எண்கள், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டுப் படம், விளக்கம் எதுவும் இல்லை. நடைமுறையில் இரண்டு போதும். அப்சல்யூட் அலாரம் 230 என்றால் எஸ்வி எதுவானாலும் 230-ல்தான் அடிக்கும். டீவியேஷன் அலாரம் 15 என்றால் எஸ்வியிலிருந்து 15 டிகிரி விலகினால் அடிக்கும், எஸ்வி நகர்ந்தால் கூடவே நகரும். கீழ்ப்பக்க அலாரத்துக்கு, முதல் தடவை சூடேறி முடியும் வரை அடிக்காமல் இருக்கும் ஸ்டேண்ட்பை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையில் மெஷின் போடும்போதெல்லாம் ஊளையிடும், ஆபரேட்டர் வயரைப் பிடுங்கிவிடுவார்.

சென்சார் அறுந்தால் என்ன செய்யும் என்று மேனுவலில் இல்லை. அதனால் ஓடும்போதே ஒரு ஜோனின் தெர்மோகப்பிள் வயரைக் கழற்றிப் பார்த்தேன். பிவி இடத்தில் ஓபன் என்று மினுக்கி, எம்வி உடனே 0-க்கு வந்தது. அதுதான் வேண்டும். ஆனால் சென்சார் அறுபடாமல், பேரலின் துளையிலிருந்து வெளியே நழுவித் தொங்கினால்? அறைச் சூட்டைக் காட்டும், ஹீட்டர் முழுதாக ஓடும். இதைப் பிடிப்பது லூப் பிரேக் அலாரம்: முழுப் பவர் கொடுத்தும் குறிப்பிட்ட நேரத்தில் சூடு ஏறாவிட்டால் அடிக்கும். இந்தப் பெட்டியில் இருக்கிறது, ஆனால் ஆஃபில் வருகிறது. ஆன் செய்துவிடுங்கள்.

அலாரம் இருப்பதால் பாதுகாப்பு முடிந்துவிடவில்லை. எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது ஆனிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் எம்வி 0 என்று கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது. அதனால் தனி சென்சாரோடு தனி லிமிட் கன்ட்ரோலர் ஒன்று, அது ஹீட்டர் மெயின் கான்டாக்டரை ட்ரிப் செய்யும்படி இருக்க வேண்டும். கையால் ரீசெட் செய்தால்தான் திரும்ப வர வேண்டும். அந்த வேலையை இந்தப் பெட்டியின் அலாரம் ரிலேயிடம் கொடுக்காதீர்கள்.

துல்லியம் பற்றி விளம்பரத்தில் 0.1 டிகிரி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது ரெசல்யூஷன், காட்டும் எண்ணின் நுணுக்கம் மட்டும். அக்யூரசி வேறு. பின்பக்கம் பார்த்தால் முழு ரேஞ்சில் 0.3 சதவீதம் என்று இருக்கிறது. கே டைப் ரேஞ்ச் மைனஸ் 200 முதல் 1,300 வரை, ஆக 4.5 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். போதாததற்கு ஐஇசி கிளாஸ் 2 தெர்மோகப்பிளுக்கே 2.5 டிகிரி சலுகை உண்டு. தசமப் புள்ளியை நான் எடுத்தே விட்டேன், எண் துள்ளுவதும் ஆபரேட்டர் பதறுவதும் மிச்சம்.

கம்ப்யூட்டரோடு பேச ஆர்எஸ்485, மாட்பஸ் எல்லாம் உண்டு, ஒழுங்காகப் பேசுகிறது. தசமம் இருந்தால் 180.5 என்பது 1805 என்று வரும், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். கீ லாக்கும் உண்டு. எஸ்வி மட்டும் மாற்றலாம் என்ற அளவில் பூட்டிவிட்டால் பிஐடி எண்ணில் யாரும் கை வைக்க முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் இது எனக்கு ஒத்துவரவில்லை, மூன்றாவது ஜோன். அங்கே ஸ்க்ரூ பிளாஸ்டிக்கை அரைக்கும் அரைப்பிலேயே சூடு பிறக்கிறது. ஸ்பீடைக் கூட்டினால் ஹீட்டர் இல்லாமலேயே பிவி எஸ்வியைத் தாண்டுகிறது. இந்தப் பெட்டி எம்வியை 0-க்குக் கொண்டுவந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், அதனிடம் இருப்பது ஒரே அவுட்புட். ரிவர்ஸ் ஆக்ஷன் வைத்தால் ஹீட்டிங், டைரக்ட் ஆக்ஷன் வைத்தால் கூலிங், இரண்டும் சேர்ந்து வராது. மேல்பக்க அலாரத்தை வைத்து புளோயரை ஓட்டிப் பார்த்தோம். புளோயர் ஊதி இறக்க, ஹீட்டர் ஏற்ற, இரண்டும் மாறி மாறி மல்லுக்கட்டின. அந்த ஜோனுக்கு ஹீட்-கூல் மாடல்தான் வேண்டும்: இரண்டு அவுட்புட், நடுவில் இரண்டுமே ஓடாத சில டிகிரி டெட் பேண்ட். அங்கே வேறொன்றை மாட்டிவிட்டோம். மற்ற மூன்று பேரல் ஜோனிலும் டையிலும் இதுவே ஓடுகிறது. அடுத்த லைனுக்கும் இதையே எஸ்எஸ்ஆர் வகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது ஜோன் நீங்கலாக.